பெயர் இல்லாத நாவல் மரம்

மலை மேல் அலைபேசி எடுக்கவில்லை. அங்கே நோட்டில் எழுதியதை, இறங்கி வந்த பிறகு, நாள் மாற்றாமல் இங்கே இடுகிறேன். புறப்படும்போது எனக்கு இருந்த ஆசை ஒன்றுதான். உலகில் இதுவரை யாரும் பெயர் வைக்காத ஒரு மரத்தை, அது கண்டுபிடிக்கப்படும் நொடியில், பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

2024 பிப்ரவரி 19, திங்கள். கோயம்புத்தூர்

பாளையங்கோட்டையில் 22 ஆண்டுகளுக்கு முன் எனக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுத்த பேராசிரியர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆனால் காட்டை விடவில்லை. நான் படித்ததை விட்டு வங்கி வேலைக்குப் போய்விட்டவள். போன மாதம் அவரிடமிருந்து தொலைபேசி வந்தது. "மாஞ்சோலை மலையில் காக்காச்சிப் பக்கம் ஒரு நாவல் மரம் இருக்கிறது. இரண்டு ஆண்டாக என்னைத் தூங்கவிடவில்லை. பூக்கும் நேரம் இது. அனுமதிக் கடிதத்தில் உதவியாளருக்கு ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா அம்மா?" என்றார். ஒன்பது நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

காட்டுக்குப் போகிறோம் என்று வந்தவளை அவர் முதலில் அழைத்துப் போனது லாலி ரோட்டில் இருக்கும் மெட்ராஸ் ஹெர்பேரியத்துக்கு. பெயர்தான் மெட்ராஸ். 1853இல் அங்கே தொடங்கிய உலர்தாவரத் தொகுப்பு, போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கோயம்புத்தூருக்கு வந்துவிட்டது. பழைய பெயரும் கூடவே வந்துவிட்டது. உள்ளே நுழைந்ததும் பாச்சை உருண்டை வாசனை. இரும்பு அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. அவற்றுக்குள் லட்சக்கணக்கான தாள்கள். ஒவ்வொன்றும் 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலம். தாளுக்கு ஒரு கிளை. காய்ந்து பழுப்பேறி, நூலால் தைக்கப்பட்டிருக்கும். வலது கீழ் மூலையில் ஒரு சீட்டு. யார், எங்கே, எந்த உயரத்தில், எந்த நாளில் பறித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும்.

நாவல் பேரினத்தின் கட்டுகளை இறக்கி வைத்தார்கள். சிசீஜியம் என்பது அறிவியல் பெயர். நாம் தின்று நாக்கைக் கறுப்பாக்கிக்கொள்ளும் நாவல், குழம்பில் போடும் கிராம்பு, பன்னீர் நாவல் எல்லாமே அதில் அடக்கம். ஏறக்குறைய 1,200 சிற்றினங்கள். உலகில் மர இனங்கள் மிக அதிகமாக உள்ள பேரினம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வளர்பவை பல. ஒன்றிரண்டு மலைகளை விட்டு வெளியே போகாதவையும் உண்டு.

"முதலில் இவை அத்தனையையும் பார்த்து முடி. பார்க்காமல் காட்டுக்குப் போனால், தெரிந்ததையே புதிது என்று நினைத்துக்கொண்டு வருவாய்" என்றார் ஐயா. காலை 10 மணிக்கு உட்கார்ந்தவள் மாலை 5 மணிக்கு எழுந்தேன். நடுவில் கேண்டீனில் தக்காளி சாதம், 40 ரூபாய். நாவல் வகைகளைப் பார்ப்பவர்கள் இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடிப்பார்கள். ஊசியால் குத்தியதுபோல எண்ணெய்ச் சுரப்பிப் புள்ளிகள் தெரியும். இலை விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு, வேட்டிக்குக் கரை போட்டதுபோல ஓடும். அந்த நரம்பு விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி ஓடுகிறது, இலைக்காம்பு எவ்வளவு நீளம், பூங்கொத்து கிளை நுனியில் வருகிறதா, இலை உதிர்ந்த இடத்தில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே போக வேண்டும். மாலைக்குள் என் கண்ணுக்கு எல்லா இலையும் ஒன்றாகிவிட்டது. ஐயாவுக்கு ஆகவில்லை.

கடைசியாக ஒரு சிவப்பு உறையைத் திறந்து காட்டினார். மூலமாதிரி. ஒரு சிற்றினத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்தக் கிளை சான்றாகக் குறிக்கப்பட்டதோ, அந்தக் கிளை. காட்டில் அந்த மரம் வெட்டப்பட்டாலும் சரி, காடே இல்லாமல் போனாலும் சரி, அந்தப் பெயருக்கு உரியது எது என்ற வழக்கு வந்தால் இந்தக் கிளையிடம்தான் வந்து கேட்க வேண்டும். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய். கல்லிடைக்குறிச்சி, மாஞ்சோலை

விடிகாலையில் திருநெல்வேலி. கல்லிடைக்குறிச்சியில் காலைச் சாப்பாடு. இட்லிக்குச் சாம்பாரோடு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் கேட்காமலே வந்தன. நான்கு இட்லி, ஒரு வடை, காபி, எல்லாம் சேர்த்து 75 ரூபாய்.

அடுத்த வேலை பழைய பேப்பர் கடை. செடிகளை அழுத்திக் காயவைக்கச் செய்தித்தாளை விஞ்ச வேறொன்றும் இல்லை. வழவழப்பான வார இதழ்த் தாள் உதவாது, ஈரத்தை உறிஞ்சாது. கடைக்காரர் கிலோ 20 ரூபாய் என்றார். எட்டு கிலோ கேட்டதும், பலகாரக் கடையா என்று விசாரித்தார். மலையில் பூ பறித்துப் பேப்பருக்குள் வைக்கப் போகிறோம் என்று ஐயா விளக்கினார். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய், நனையாத, மடிப்புக் கலையாத கட்டாகத் தேடி எடுத்து வந்தார். பத்து கிலோ இருக்கும். எட்டுக்குத்தான் காசு வாங்கினார்.

சிங்கம்பட்டியைத் தாண்டும்போது ஐயா வண்டியை நிறுத்தச் சொன்னார். பார்க்க ஒன்றுமில்லை, பேருந்து நிறுத்தமும் வேப்ப மரமும்தான். "இந்த ஊர்ப் பெயர் லத்தீனில் இருக்கிறது, தெரியுமா?" என்றார். யூஜீனியா சிங்கம்பட்டியானா. 19ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாண வனத்துறையில் இருந்த பெடோம் வைத்த பெயர். நாவல் குடும்பத்தைச் சேர்ந்தது. அகத்தியமலைத் தொடரைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அழிவின் விளிம்பில் இருக்கும் மரங்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் இடம் பிடிக்க முதலில் பெயர் வேண்டும் என்று ஐயா சொன்னார். பெயர் இல்லாத மரத்துக்காக எந்த அலுவலகத்திலும் ஒரு வரி எழுத முடியாது.

மணிமுத்தாறு சோதனைச் சாவடியில் காகிதங்களை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்தார்கள். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988 முதல் காப்பகம், 895 சதுர கிலோமீட்டர். அனுமதியில் எத்தனை கிளை பறிக்கலாம் என்பதுவரை எழுதியிருக்கிறது. காவலர் படித்து முடித்து, "பாட்டில் பிளாஸ்டிக் இருந்தால் இங்கே வைத்துவிட்டுப் போங்கள், திரும்பும்போது தருகிறேன்" என்றார். எங்களிடம் இருந்த இரண்டையும் கொடுத்தோம்.

டிசம்பர் வெள்ளத்தின் தழும்பு மலைச் சாலை முழுக்க இருக்கிறது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த அந்த மழை, இந்த மலையையும் சும்மா விடவில்லை. சாலையின் பாதி சரிந்து, மூட்டை அடுக்கிய இடங்களில் ஜீப் மனிதன் நடக்கும் வேகத்தில் போனது. ஓட்டுநர் தம்பி ஒவ்வொரு சரிவிலும் இறங்கி, கல்லைக் காலால் தட்டிப் பார்த்துவிட்டு ஏறினார். வாடகை 4,500 ரூபாய் பேசியிருந்தோம். அந்தத் தட்டிப் பார்த்தலுக்கே அது தகும்.

மாஞ்சோலையில் குளிர். தேயிலை வரிசைகள், அவற்றுக்கு மேலே கறுப்பாகக் காடு. 1929இல் சிங்கம்பட்டி ஜமீன் 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்ட நிலம் இது. 2028இல் குத்தகை முடிகிறது. டீக்கடையில் எல்லோரும் பேசுவது அதைத்தான். கடை நடத்தும் அக்காவின் அம்மா இந்த மலையில்தான் பிறந்தாராம். "கீழே எங்களுக்கு எந்த ஊர்?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. கட்டஞ்சாயா 8 ரூபாய், பருப்பு வடை 6 ரூபாய்.

பிப்ரவரி 21, புதன். காக்காச்சி

எங்களோடு காட்டுக்கு வருபவர் காணி என்ற மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர். கீழே உள்ள குடியிருப்பைச் சேர்ந்தவர், வனத்துறையில் காவல் வேலை. பெயரை எங்கும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நான் அண்ணாச்சி என்று அழைத்தேன், அவர் என்னைத் தங்கச்சி என்றார். கையில் ஓர் அரிவாள், தோளில் நாங்கள் கொடுத்த கயிறு, பையில் மரச்சீனிக் கிழங்கு.

காட்டுக்குள் பத்தடி போனதும் வெளிச்சம் குறைந்தது. இது வெடிப்பலா பூக்கும் காலம். துரியனுக்கு நெருங்கிய உறவான மரம். பூக்கள் இலைகளுக்கு நடுவே வருவதில்லை, தடித்த கிளைகளின் மேலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே தரையெல்லாம் பழுப்பு நிறப் பூக்குழல்கள். மேலே சிங்கவால் குரங்குக் கூட்டம் ஒன்று பூக்களைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. ஒரு தாய் எங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தின்பதைத் தொடர்ந்தது. பக்கத்தில் நாங்கு, பாலி. பட்டையைப் பார்த்தே ஐயா சொல்லிக்கொண்டு வந்தார். நான் எழுதிக்கொண்டு வந்தேன்.

ஐயாவின் மரம் ஓர் ஓடைக்கு மேலே நிற்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதிலிருந்து அவருக்குக் கிடைத்தவை இலைகளும், அழுகிய ஒரே ஒரு காயும். இலைக்காம்பு மிகக் குட்டை, இளங்கிளை உருண்டையாக இல்லாமல் நான்கு பட்டையாக இருக்கிறது, விளிம்பு நரம்பு இரட்டையாக ஓடுகிறது. மூன்றும் ஒன்றாக எந்த நூலிலும் இல்லை. கேம்பிள் தொடங்கி ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் 1915 முதல் 1936 வரை வெளிவந்தது. இன்றும் இந்தப் பக்கத்துக் காட்டுக்கு அதுதான் கைவிளக்கு. அதில் ஒரு திறவுகோல் இருக்கும். 'காம்பு உண்டா, இல்லையா' என்று இரண்டிரண்டாகப் பிரிந்து போகும். ஐயாவின் கிளை ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு முட்டுச்சந்தில் போய் நின்றது.

இன்று மரத்தடியில் அண்ணாந்து பார்த்தோம். மொட்டு இருக்கிறது, மிளகு அளவுக்கு. பூ இல்லை. தொலைநோக்கியில் ஒவ்வொரு கிளையாகத் தேடியும் இல்லை. ஐயா ஒரு வேரின் மேல் உட்கார்ந்துவிட்டார். மொட்டை வைத்து என்ன செய்வது? மகரந்தத்தாள் எத்தனை, இதழ்கள் தனித்தனியாக விழுகின்றனவா, ஒன்றாக ஒட்டித் தொப்பிபோலக் கழன்று விழுகின்றனவா, ஒன்றும் தெரியாது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டு, "இந்த மரம் இன்னும் ஒன்று இருக்கிறது, மேலே. அது முந்திப் பூக்கும்" என்றார். எல்லா நாவலும் அண்ணாச்சிக்கு ஒன்றுபோல இருக்காதா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டினார். ஓடையோர நாவலின் பழத்தை மலை அணில் மரத்திலேயே தின்னும், இதன் பழத்தைக் கடித்துக் கீழே போட்டுவிடும் என்றார். பட்டையை நகத்தால் கீறி என் மூக்கருகே நீட்டினார். மாங்காய்ப் பால் வாசனை. பிறகு பத்தடி தள்ளி நின்ற இன்னொரு நாவலைக் கீறிக் காட்டினார். வாசனையே இல்லை. ஐயா எழுந்து வந்து இரண்டையும் முகர்ந்து, நோட்டை என்னிடமிருந்து வாங்கித் தானே எழுதினார்.

திரும்பும்போது மூன்று மணிக்கே மேகம் இறங்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே பதினோரு அட்டை. உப்புத் துணியால் ஒற்றி எடுத்தோம்.

பிப்ரவரி 22, வியாழன். மழை

நாள் முழுக்க மழை. பிப்ரவரியில் இப்படியா என்று கேட்டால் டீக்கடை அக்கா சிரிக்கிறார். பக்கத்தில் இருக்கும் நாலுமுக்கும் ஊத்தும் வடகிழக்குப் பருவமழையில் தமிழ்நாட்டுக்கே முதலிடம் பிடிக்கும் ஊர்கள். மழைக்கு மாதம் சொல்ல வேண்டியதில்லை.

கடையிலேயே உட்கார்ந்திருந்தோம். மதியம் கஞ்சி, காணத் துவையல், சுட்ட நெத்திலிக் கருவாடு. மூவருக்கும் சேர்த்து 120 ரூபாய் என்றார் அக்கா. ஐயா 200 கொடுத்தார். 80 ரூபாயை எண்ணித் திருப்பி வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி துவையல் போட்டார்.

பேச்சு ஆரோக்கியப்பச்சை என்ற செடியின் பக்கம் போனது. அண்ணாச்சியின் உறவினர்கள் மலைக்கு அந்தப் புறம், கேரளத்தில் இருக்கிறார்கள். 1987இல் அங்கே அறிவியலாளர்கள் காணிகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மலையேறினார்கள். காணிகள் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் நடப்பதைக் கண்டார்கள். அந்தச் செடிக்குத் தாவரவியல் 1788இலேயே பெயர் வைத்திருந்தது. ஆனால் அதை எதற்குத் தின்பது என்பதை இரண்டு நூற்றாண்டு கழித்துத்தான் கேட்டுத் தெரிந்துகொண்டது. அதிலிருந்து மருந்து செய்யப்பட்டது, வருமானத்தில் காணிகளுக்கும் பங்கு தரப்பட்டது, உலகம் அதைப் பெரிதாகப் பேசியது. அண்ணாச்சி கேட்டுவிட்டு, "பங்கு கிடைக்கட்டும். கூடப் போனவன் பெயரையும் எழுதுவார்களா?" என்று கேட்டார். ஐயா உடனே பதில் சொல்லவில்லை.

நான் என் ஆசையை அப்போது சொன்னேன். கண்டுபிடிக்கும் நொடியில் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று. "காட்டில் சந்தேகம்தான் வரும் அம்மா. கண்டுபிடிப்பது மேசையில்" என்றார் ஐயா. அவர் சொன்ன கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது. 1970க்குப் பின் பெயர் பெற்ற பூக்கும் தாவரங்களை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. பறித்து ஐந்து ஆண்டுக்குள் பெயர் பெற்றவை நூற்றுக்கு 16தானாம். ஏறக்குறைய கால்வாசி, 50 ஆண்டுக்கு மேல் அலமாரியில் காத்திருந்தவை. இன்னும் பெயரில்லாத சிற்றினங்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே ஏதோ ஒரு ஹெர்பேரியத்தில் தூங்குகின்றன என்பது அவர்கள் மதிப்பீடு. 2022இல் பெயர் பெற்ற பொலிவிய ராட்சத அல்லியின் மாதிரி, லண்டன் கியூ தோட்டத்துத் தொகுப்பில் 177 ஆண்டு இருந்திருக்கிறது. இலை மூன்று மீட்டர் அகலம்வரை விரியும் செடி அது. அதையே வேறொன்று என்று எண்ணிக்கொண்டிருந்தார்கள்.

ஆண்டுக்கு உலகெங்கும் சுமார் 2,000 தாவரங்கள் புதிதாகப் பெயர் பெறுகின்றன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் யாரோ ஒருவர், ஒரே பேரினத்தின் இலைக்காம்புகளை இருபது முப்பது ஆண்டு அளந்துகொண்டிருந்திருக்கிறார். ஐயாவுக்குப் பின்னால் யார் அளப்பார்கள் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவர் வகுப்பில் நாங்கள் 31 பேர் இருந்தோம். அளக்கும் வேலைக்கு ஒருவரும் போகவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டு அதையே நினைத்திருந்தேன்.

பிப்ரவரி 23, வெள்ளி. மேலே

விடியுமுன் மழை விட்டது. ஆறு மணிக்குக் கிளம்பினோம். அண்ணாச்சி சொன்ன மரம் மூன்று மணி நேர ஏற்றத்தில். பாதை கிடையாது, காட்டெருமைத் தடம்தான். ஐயாவுக்கு 67 வயது. இரண்டு இடத்தில் அண்ணாச்சி முன்னால் ஏறிக் கயிறு விட்டார்.

மரத்தை நான் பார்க்கவில்லை, மிதித்தேன். ஈரச் சருகின் மேல் வெள்ளை நூல் தூவியதுபோல மகரந்தத்தாள்கள். ஐயா "நில், நில்" என்று கத்தினார். மண்டியிட்டு ஒன்றைப் பொறுக்கினார். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய ஒரு தொப்பி. இதழ்கள் ஒன்றாக ஒட்டிக்கொண்டு அப்படியே கழன்று விழுந்திருக்கிறது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவர் எழுந்திருக்கவே இல்லை. நானும் மண்டியிட்டேன். வாசனை கிராம்பு மாதிரி, ஆனால் இனிப்பாக. "எழுது. வாசனையை முதலில் எழுது. காய்ந்த பிறகு இது இருக்காது" என்றார்.

மரம் 20 மீட்டர் இருக்கும். எங்கள் தொரட்டி ஆறு மீட்டர். அண்ணாச்சி பக்கத்தில் நின்ற ஒல்லியான மரத்தில் ஏறி, அங்கிருந்து கயிற்றைப் பிடித்து இந்த மரத்துக்கு மாறினார். நான் கீழே பார்த்தேன், மேலே பார்க்கத் துணிவில்லை. கிளைகள் மெதுவாக இறங்கி வந்தன. அனுமதித்தது ஐந்து கிளை. ஐந்தோடு நிறுத்திக்கொண்டார். ஐயா ஆறாவது கேட்கவில்லை.

பிறகு இரண்டு மணி நேரம் தரையில் தார்ப்பாய் விரித்து வேலை. கிளையைத் தாளின் அளவுக்கு மடக்கி, ஓர் இலையைப் புரட்டி அடிப்பக்கம் தெரியும்படி வைத்து, பூங்கொத்தைத் தனியே பரப்பி, செய்தித்தாளில் வைத்து மூட வேண்டும். சில பூக்கள் சாராயக் குப்பியில். மரபணு ஆய்வுக்கு இலைத் துண்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு உறையில். நோட்டில் இடம், 1,340 மீட்டர் உயரம், மரத்தின் உயரம், பட்டையின் நிறம், கீறினால் வரும் வாசனை, மகரந்தத்தாள் வெள்ளை, இளந்தளிர் செம்பு நிறம். சேகரிப்பு எண் 4,218. ஐயா வாழ்நாளில் பறித்த செடிகளின் வரிசை எண் அது.

சேகரித்தவர் என்ற இடத்தில் ஐயா தன் பெயரை எழுதி, என் பெயரை எழுதி, அண்ணாச்சியைப் பார்த்தார். "இதில் மட்டும் எழுதலாமா?" அண்ணாச்சி அரிவாளைத் துடைத்துக்கொண்டே சரி என்றார். எழுத்துக்களை ஐயா கேட்டுக் கேட்டு எழுதினார். குறில், நெடில் தவறக்கூடாது என்றார்.

இறங்கும்போது ஓடையில் சறுக்கி நான் விழுந்தேன். முழங்கால் கிழிந்தது. அதைவிட மோசம், செடிக்கட்டு தண்ணீரில் முங்கி எழுந்தது.

டீக்கடைக்கு வந்து சேர இருட்டிவிட்டது. செய்தித்தாள் கூழாகியிருந்தது. இந்தக் குளிரில், இந்த ஈரத்தில், விடிவதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். ஐயா முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா வந்து கட்டைத் தொட்டுப் பார்த்தார். "பூவா?" என்றார். கடையடைத்த பின் அடுப்பை அணைக்காமல், விறகை வெளியே இழுத்துத் தணலாக வைத்தார். மேலே கருவாடு காயவைக்கும் கம்பிப் பரணைத் துடைத்தார். எல்லாத் தாளையும் மாற்றினோம். கட்டைப் பரணில் வைத்தோம். இரவு பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் ஐந்துக்கும் தாள் மாற்ற எழுந்தேன். மூன்று முறையும் அக்கா எனக்கு முன்னே அங்கே இருந்தார்.

பிப்ரவரி 24, சனி. இறக்கம்

பூக்கள் பிழைத்துவிட்டன. ஒரு கொத்து மட்டும் கறுத்துவிட்டது.

அக்கா பணம் வாங்கவில்லை. பெயர் வைத்தால் தகவல் சொல்லுங்கள் என்றார். சாவடியில் காவலர் எங்கள் இரண்டு பாட்டில்களையும் எடுத்துத் தந்தார். கல்லிடைக்குறிச்சியில் வெயில் முகத்தில் அறைந்தது. சொதியும் இஞ்சித் துவையலுமாக ஒரு சாப்பாடு, 130 ரூபாய். அக்காவுக்கு அப்பளம் வாங்கி ஜீப் ஓட்டுநர் தம்பியிடம் கொடுத்தனுப்பினோம்.

பிப்ரவரி 26, திங்கள். மீண்டும் கோயம்புத்தூர்

காய்ந்த மொட்டை அப்படியே அறுக்க முடியாது. நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டுக் கொதிக்கவைத்தால் பழையபடி மலர்ந்து கொடுக்கும். நுண்ணோக்கியின் கீழ் ஐயா பிளேடால் பிளந்தார், நான் எண்ணினேன். மகரந்தத்தாள்கள் 60க்கு மேல். சூலகத்தில் இரண்டு அறை. தொப்பி இதழ் நான்கு ஒட்டியது. எழுதிக்கொண்டே, பக்கத்தில் விரித்த தாள்களோடு ஒப்பிட்டுக்கொண்டே போனோம். இது அதுவல்ல. இதுவும் அல்ல. காம்பு நீளம். இது பூங்கொத்து வேறு. ஒவ்வொரு 'அல்ல'வுக்கும் ஒரு காரணம் எழுத வேண்டும், அளவோடு. நாளை இதைப் படிப்பவர் நம்மை நம்பக்கூடாது, அளவை நம்ப வேண்டும் என்றார்.

பிற்பகலில் உறுதி செய்யப்படாதவை என்ற கட்டைப் பிரித்தோம். நடுவில் ஒரு தாள். சீட்டில் மை மங்கிவிட்டது. 'டின்னவெல்லி மலைகள்', அதாவது திருநெல்வேலி மலைகள், என்று மட்டும் படிக்க முடிகிறது. மாதம் பிப்ரவரி. ஆண்டின் கடைசி இரண்டு எண்ணும் இல்லை. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பேரினத்தை எழுதி, பக்கத்தில் ஒரு கோடு. இளங்கிளை நான்கு பட்டை. காம்பு மிகக் குட்டை. ஐயா இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தார். விளிம்பு நரம்பு இரண்டு.

எத்தனையோ ஆண்டுக்கு முன் யாரோ இதே மாதத்தில் அந்த மரத்தடிக்குப் போயிருக்கிறார். அவரோடும் யாரோ ஒருவர் மரத்தில் ஏறியிருப்பார். அவர் பெயர் சீட்டில் இல்லை.

நான் எதிர்பார்த்த நொடி இதுவாக இருக்குமோ என்று ஐயாவைப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். புதிது என்று சொல்லலாமா என்று கேட்டேன். "பெடோம் பெயரிட்டதில் ஒன்று, இலங்கையில் ஒன்று, இந்த இரண்டையும் கழிக்க வேண்டும். மூலமாதிரிகள் வெளிநாட்டில். படம் இணையத்தில் கிடைக்கும், ஆனால் நரம்பு படத்தில் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். விதையும் வேண்டும். பழுத்த பழம்" என்றார். 1753இல் லின்னேயஸ் வெளியிட்ட நூலில் தொடங்கி இன்றுவரை உலகில் யார் எங்கே வைத்த பெயரானாலும், அது முந்தியதாக இருந்தால் அதற்கே உரிமை. 2012 முதல் லத்தீனில் விளக்கம் எழுத வேண்டியதில்லை, ஆங்கிலம் போதும். எளிதானது அது ஒன்றுதான்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலையில் தாளில் தைத்தேன். ஐந்து கிளையில் ஒன்று இங்கே ஒப்படைக்கப்படுகிறது. 2002ஆம் ஆண்டு பல்லுயிர்ச் சட்டப்படி, புதிய சிற்றினம் என்று முடிவானால் சான்று மாதிரி அரசு குறித்த களஞ்சியத்தில் இருந்தாக வேண்டும். முடிவாகும் முன்பே கொடுத்துவிடலாம் என்றார் ஐயா, தனக்கு வயதாகிறது என்று காரணம் சொன்னார். சீட்டை ஒட்டினேன். சிசீஜியம், பக்கத்தில் ஒரு கோடு. சேகரித்தவர்கள் மூவர்.

மதியம் அண்ணாச்சியிடமிருந்து தொலைபேசி. சிக்னல் கிடைக்கும் பாறை வரை நடந்து வந்து பேசினாராம். பெயர் வந்துவிட்டதா என்று கேட்டார். இன்னும் இல்லை, பழம் வேண்டுமாம் என்றேன்.

"ஜூன் கடைசியில் விழும். அணில் கடித்தது வேண்டாம், முழுசாக எடுத்து வைக்கிறேன். மழை பிடித்திருக்கும், நல்ல செருப்பாகப் போட்டுக்கொண்டு வா தங்கச்சி" என்றார்.

ஐயாவிடம் சொன்னேன். நாட்காட்டியைப் புரட்டி ஜூன் கடைசி வாரத்தில் பென்சிலால் வட்டம் போட்டார். நான் விடுப்பு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன்.